கடல் எடுத்தது, நான் கொடுத்தது

1990 ஜூன் மாதம். விடிய இன்னும் நேரம் இருந்தது. அப்பாவின் பழைய கைலியை நீளநீளமாகக் கிழித்து அம்மா என் விரல்களில் சுற்றிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலுக்கு மூன்று சுற்று, மற்ற விரல்களுக்கு இரண்டு. நுனியை மடக்கி உள்ளே செருகிவிட வேண்டும். முடிச்சுப் போட்டால் பாரில், அதாவது கடலடிப் பாறையில், மாட்டிக்கொள்ளும். "இறுக்கமா இருக்கா ஆத்தா?" என்று கேட்டாள். இறுக்கமாகத்தான் இருந்தது. இல்லை என்றேன்.

அந்த வருடம் பத்தாம் வகுப்பில் 500-க்கு 391 வாங்கியிருந்தேன். டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. ஆனால் மாசி மாதம் விசைப்படகில் வலை இழுக்கும்போது அப்பாவின் வலது கை வின்ச்சில் மாட்டி மூன்று விரல்கள் போய்விட்டன. அம்மா ஒருத்தி கடல்பாசி எடுத்து நான்கு பேர் சாப்பிட முடியாது. பிளஸ் ஒன் விண்ணப்பப் படிவம் ஆணியில் தொங்கிய மஞ்சள் பைக்குள்ளேயே கிடந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி எட்டாம் வகுப்புக்குப் போனான். நான் கடலுக்குப் போனேன்.

இதைத்தான் இருபத்தாறு வருடம் "நான் செய்த தியாகம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அவள் அண்ணனுக்கு வெளிநாட்டு விசா வந்திருக்கிறது, இவள் இறால் கம்பெனி வேலையில் சேர்த்து வைத்த பணத்தையும் கழுத்தில் கிடப்பதையும் கேட்கிறார்கள். "கொடுக்கட்டுமா அக்கா? நீங்களும் உங்க தம்பிக்குக் கொடுத்தீங்கதானே, நல்லாத்தானே இருக்காங்க?" என்றாள். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அவளிடம் அன்றைக்கு இரவு பத்து மணிவரை பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாசி வேலையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. ராமேஸ்வரம் பக்கத்தில் உள்ள குருசடை, புள்ளிவாசல் தீவுகளை ஒட்டிய பார்களில் மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசி வளரும். ஐஸ்கிரீமிலும் ஜெல்லியிலும் போடுகிற அகர் அகர் கடல்பாசியில் இருந்துதான் வருகிறது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாரைப் பிடித்துக்கொண்டு பறிக்க வேண்டும். அப்படி ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம். சொறி என்கிற ஜெல்லிமீன் பட்டால் உடம்பு தடித்துப்போகும். துணி சுற்றினாலும் விரலில் கீறல் விழும், உப்புத்தண்ணீர் அதை ஆறவிடாது. நாள் முழுக்க ஈரத்தோடு சுமந்து வந்ததை மணலில் காயப்போட்டால் சுண்டி ஒரு கைப்பிடியாகிவிடும். வியாபாரி காய்ந்த எடைக்குத்தான் காசு கொடுப்பார். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வந்துவிட்டதால் பிடித்துவிடுவார்களோ என்ற பயமும் கூடவே வரும். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் போவோம் என்பது பின்னாளில் எங்கள் பெண்கள் தாங்களாகவே கூடிப் பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. நான் போக ஆரம்பித்தபோது அதெல்லாம் கிடையாது.

பாசிக் காசில் தம்பி பாலிடெக்னிக் முடித்தான். அதே காசில் சீட்டுப் போட்டு, எட்டு வருடத்தில் எனக்கென்று ஐந்து பவுன் சேர்த்திருந்தேன்.

1998-ல் தம்பிக்கு சவூதியில் ஏ.சி. மெக்கானிக் வேலை வந்தது. ஏஜென்ட்டுக்குக் கட்டப் பணம் வேண்டும். நானே கழற்றிக் கொடுத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. வட்டிக்கடையில் பத்தாயிரத்துக்கு வைத்தோம், மூன்று வட்டி. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் வருடத்துக்கு 36 ரூபாய் என்று அப்போது எனக்குக் கணக்குப் போடத் தெரியாமல் இல்லை. போட மனசு வரவில்லை. ரசீதை அப்பா பெயரில் போட்டார்கள். பொம்பளைப்பிள்ளை கடைக்கு வந்து நிற்க வேண்டாம் என்று அப்பாதான் சொன்னார். இரண்டு வருடம் கழித்து நகை மூழ்கிப்போனது என்று தெரிந்தது. கடலே தெரியாத ஊரிலும் அடகு நகை திரும்பாவிட்டால் மூழ்கிப்போச்சு என்றுதான் சொல்கிறார்கள். கடலுக்குள்ளேயே கிடக்கிற எங்களுக்கு அந்த வார்த்தை வேறு மாதிரி கேட்கும். 2001-ல் எனக்குக் கல்யாணம் ஆனபோது கழுத்தில் இரண்டு பவுன்தான்.

எங்கள் தீவில் நகை அடகு என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது இன்னொரு கதை. ராமேஸ்வரத்து அப்துல் கலாமுக்கு சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தபோது சேருவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். என் சம்பாத்தியத்தில் இதைத் திருப்புவேன் என்று கலாம் அப்போதே மனதில் உறுதி எடுத்துக்கொண்டதாகப் பிற்பாடு எழுதியிருக்கிறார். என்னைப் போன்ற அக்காமார்களுக்கு அந்தக் கதையைச் சொல்லித்தான் எல்லோரும் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். கொடுத்த அக்காவைப் பற்றி மட்டும் பேசுவார்கள். எதற்காக, எவ்வளவு, யார் திருப்புவது என்று அந்தத் தம்பியின் மனதில் ஒரு கணக்கு தெளிவாக இருந்ததை விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை.

2016-ல் தம்பி மதுரையில் வீடு கட்டிப் பால் காய்ச்சினான். ஐம்பது அறுபது பேர் இருந்த இடத்தில், அவன் மனைவி ஏதோ சாதாரணமாக, "மதினி, மேல் மாடிக்கு இன்னும் டைல்ஸ் போடணும், இவர் செலவுக்குப் பயப்படுறார்" என்று சொன்னாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "நான் படிப்பை விட்டு, நகையை விட்டு, தண்ணிக்குள்ள கிடந்ததாலதான் உங்களுக்கு மாடி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவன் பிள்ளைகள் இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன. தம்பி பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "படிப்பை விடுன்னு நான் உன்கிட்ட கேட்டேனா அக்கா?"

பதினான்கு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து படுத்துவிட்டாள். அம்மா தனுஷ்கோடியில் பிறந்தவள். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் ஊர் போனபோது அவளுக்குப் பத்து வயது. அண்ணனையும் சின்னம்மாவையும் வீட்டையும் ஒரே ராத்திரியில் பறிகொடுத்தவள். அதைப் பற்றி அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஒரு நாள் அவளுக்குத் தலை கசக்கிவிட்டுக்கொண்டே தம்பியைப் பற்றிப் பழைய பாட்டை ஆரம்பித்தேன். நான் கொடுத்தேன், நான் கொடுத்தேன் என்று. கண்ணில் சீயக்காய்த் தண்ணீர் இறங்க, கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:

"தனுஷ்கோடியில கடல் எடுத்துச்சு. நான் கொடுத்தேன்னு என்னைக்காச்சும் சொல்லியிருக்கேனா? உன் படிப்பை நானும் உங்கப்பாவும் எடுத்தோம் ஆத்தா. நீ கொடுக்கல. கொடுத்ததா நினைச்சதாலதான் அவன்கிட்ட போய்க் கேக்குற. கேக்கணும்னா என்கிட்ட கேளு."

நான் செம்பைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா தடவித் தடவி என் கையைப் பிடித்தாள். அவள் விரல்களில் பாசி எடுத்த தழும்புகள் வெள்ளை வெள்ளையாக, குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. என் விரலிலும் அதே இடங்களில் இருக்கின்றன. பதினாறு வயதில் எடுக்கப்பட்டதற்கு நாற்பத்து மூன்று வயதில் அவள் மன்னிப்புக் கேட்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை. ஆனால் ரொம்ப நேரம் கையை விடவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் வாழ்க்கையில் தியாகம் என்று நான் பேர் வைத்திருந்த ஒவ்வொன்றையும் எடுத்து இது கொடுத்ததா, எடுக்கப்பட்டதா என்று பிரித்துப் பார்த்தேன். படிப்பு எடுக்கப்பட்டது. அதற்குத் துக்கப்படலாம், கோபப்படலாம். ஆனால் பதின்மூன்று வயதுத் தம்பியிடம் அதற்குக் கடன் பாக்கி வசூலிக்க முடியாது. நகை நான் கொடுத்தது. அது தப்பாகக் கொடுத்தது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததால் எதற்கு அழுகிறோம் என்றே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

இதைத்தான் அந்தப் பிள்ளையிடமும் முதலில் கேட்டேன். "நீயா கொடுக்கிறியா, எடுத்துக்கிறாங்களா?" அவள் யோசித்து, "தெரியல அக்கா" என்றாள். தெரியாதவரைக்கும் கழற்றாதே என்றேன். வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், நாலு நாளில் சரியாகும் என்றால் அது உன் கையில் இருக்கிறது. சோறு இறங்காது, வீட்டில் இருக்க முடியாது என்றால் அது எடுப்பதுதான், கேட்பது போல இருந்தாலும்.

தம்பி அம்மாவைப் பார்க்க வந்தபோது நானே போய்ப் பேசினேன். ரயில் பாலம் தெரிகிற பக்கமாகக் கரையில் உட்கார்ந்திருந்தோம். நகையைப் பற்றிக் கேட்டேன், இந்தத் தடவை சண்டைக்கு இல்லை. அவன் திகைத்துப் போய்விட்டான். 1999-லேயே நகையைத் திருப்பச் சொல்லி அப்பா பெயருக்குப் பணம் அனுப்பியிருக்கிறான். அப்பா அந்தப் பணத்தில் யாருடனோ சேர்ந்து வல்லம் என்கிற நாட்டுப்படகு ஒன்றுக்குப் பங்கு போட்டு, அது நஷ்டமாகி, வெளியே சொல்லாமலே 2009-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் கேட்கக் கூச்சப்பட்டேன். தம்பி, அக்கா கையில் நகை இருக்கிறது என்றே இத்தனை வருடம் நினைத்திருக்கிறான். பதினேழு வருடக் கசப்பு, ஒரே ஒரு போன் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். அதனால்தான் நகை கொடுக்கிற பெண்களிடம் கையைப் பிடித்துச் சொல்கிறேன்: ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும், திருப்புகிற பணம் உங்கள் கணக்குக்கு வரட்டும், முடிந்தவரை வட்டிக்கடையை விட்டு வங்கியில் வையுங்கள். பாசத்தில் குறை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் அன்றைக்கு அவன் சொன்னது. "எனக்குப் படிப்பே பிடிக்காது அக்கா. வத்தையில மீன் பிடிக்கப் போகத்தான் ஆசை. அப்பாவுக்குக் கை போனப்புறம், இவனைக் கடல்ல விடவே கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. உன்னை நினைச்சுத்தான் பதினாறு வருஷம் அந்த மணல்ல கிடந்தேன். திரும்பி வந்தா நீ தண்ணிக்குள்ள கிடந்ததுக்கு அர்த்தம் இல்லாமப் போயிரும்னு பயம்." எனக்குப் படிப்பு ஆசை, அவனுக்குக் கடல் ஆசை. இரண்டு பேருக்கும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். யாருக்காக நாம் விட்டுக்கொடுக்கிறோமோ அவர்கள் தலையில் என்ன பாரம் ஏறுகிறது என்பதை நான் அதுவரை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. நன்றாக இருந்தே ஆகவேண்டும் என்ற பாரம் அது.

சரி, எல்லாமே வீண்தானா என்றால், கிடையாது.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட ஒன்றரை வருடம் நான் கடலுக்குப் போகவில்லை. அது நானாகக் கொடுத்தது, கண்ணைத் திறந்துகொண்டு கொடுத்தது. முதல் வாரமே தம்பியையும் என் வீட்டுக்காரரையும் உட்கார வைத்துப் பேசினேன். பாசி சீசனில் எனக்கு எவ்வளவு வரும், அது நின்றால் எந்தச் செலவு இடிக்கும், தம்பி மாதம் என்ன தருவான் என்று பேசி முடித்தோம். அவன் 5,000 அனுப்பினான். மாதம் இரண்டு நாள் வந்து அவனே அம்மாவைக் கவனிக்க, நான் அந்த இரண்டு நாளும் என் மகளோடு இருந்தேன். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்து என் தோள்பட்டை இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கிறது. வருமானம் போனது, மகளிர் குழுக்கடன் தவணை இரண்டு தடவை பிந்தியது. ஆனாலும் அந்த நாட்களில் ஒன்றைக்கூடத் திருப்பிக் கேட்க எனக்குத் தோன்றியதில்லை. 2019 ஜனவரியில் அம்மா போனாள். என் மடியில்தான் போனாள்.

நகை கொடுத்ததற்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தால் எங்கள் கடல் வழக்கமே பதில் சொல்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது. கஷ்டமான காலம்தான், வட்டிக்கு வாங்காத வீடு கிடையாது. ஆனாலும் என்றைக்குத் தொடங்குகிறது, என்றைக்கு முடிகிறது என்று தெரியும். மீனவப் பெண்கள் சேமிப்பு நிவாரணத் திட்டத்திலும் அப்படித்தான். நாங்கள் மாதாமாதம் கொஞ்சமாகக் கட்டுவது மொத்தம் 1,500, அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திரும்பும். எவ்வளவு, எதுவரைக்கும், என்ன திரும்பும் என்று மூன்றும் எழுத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் செய்கிற தியாகத்துக்கு மட்டும் அளவும் கிடையாது, தேதியும் கிடையாது. பேசினால் அசிங்கம் என்று வேறு வைத்திருக்கிறோம். திரும்பாது என்பதும் ஒரு பதில்தான். அம்மாவைப் பார்த்ததில் ஒன்றும் திரும்பாது என்று தெரிந்தே செய்தேன். தெரிந்திருந்தது, அதுதான் வித்தியாசம்.

படிப்பை 2013-லேயே ஓரளவு நானே திருப்பிக்கொண்டேன். தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதினேன், முதல் தடவை பொருளாதாரத்தில் போய்விட்டது, அடுத்த தடவை தேறினேன். டீச்சர் ஆகவில்லை. எங்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். அது போதும் என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூடப் பக்கம் போனால் இன்னும் ஒரு மாதிரி இருக்கும்.

2021-ல் மகள் நர்சிங் டிப்ளமோ படிக்க வேண்டும் என்றாள். மூன்று வருடத்துக்கும் சேர்த்து 2,80,000 ஆகும் என்று கணக்கு வந்தது. வீட்டுக்குத் தளம் போட 1,40,000 சேர்த்து வைத்திருந்தோம். அவளையும் உட்கார வைத்துத்தான் பேசினோம். பதினேழு வயதுப் பிள்ளையிடம் காசுக் கணக்கைச் சொல்லக்கூடாது என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். சொல்லாமல் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் பெயரில் வங்கிக் கல்விக்கடன் 1,20,000 எடுத்தோம். 4 லட்சம் வரை அடமானம் தேவையில்லை, பெற்றோர் கையெழுத்து இருந்தால் போதும். இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் முதலில் நகையைத்தான் கழற்றுகிறார்கள். தளம் போடும் பணம் முழுவதையும் கொடுத்தோம். மீதி இருபதாயிரம் குழுக்கடன். ஒரு நாற்பது பக்க நோட்டில் இதையெல்லாம் எழுதி, கீழே மகளே தன் கையால் எழுதினாள்: "வேலை கிடைத்த பிறகு மாதம் 4,000, மூன்று வருடம், தளத்துக்கு. முடியாத மாதம் சொல்லிவிட வேண்டும்." அந்தக் கடைசி வரியை நான்தான் எழுதச் சொன்னேன். படிப்பு பிடிக்காவிட்டால் முதல் வருடத்திலேயே சொல்லிவிடு, நாங்கள் கொடுத்ததற்காக அதில் கிடக்காதே என்பதையும் வாயால் சொன்னேன். தம்பி முகம் ஞாபகத்தில் இருந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் இன்னும் எங்கள் வீட்டுக்கு. ஐப்பசி மழைக்கு அடுப்படியில் இரண்டு இடத்தில் வாளி வைப்போம். மகள் இப்போது மதுரையில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். நேற்று ராத்திரி போன் பண்ணினாள்.

"அம்மா, விடுதியில முன்பணம் ஏத்திட்டாங்க. இந்த மாசம் முடியாது போலருக்கு."

"சரி ஆத்தா. நோட்டுல எழுதிக்கிறேன். சாப்பிட்டியா?"

அரை மணி நேரம் பேசினோம். வார்டில் ஒரு பாட்டி இவளை விடமாட்டேன் என்கிறாராம், மாத்திரையை இவள் கொடுத்தால்தான் விழுங்குவாராம். போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்து, தேதி போட்டு, அந்த மாதத்துக்கு நேரே ஒரு சுழியம் போட்டேன். அப்புறம் என் வீட்டுக்காரரின் பழைய கைலி ஒன்றைத் தேடி எடுத்துக் கிழித்து வைத்தேன். நாளைக்கு அமாவாசை, ஐந்து மணிக்கு வத்தை கிளம்பிவிடும்.